தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம்

புது பெயின்ட் வாசனைக்கு அடியில் தைல வாசனை அடித்தது.

அவள் முதலில் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். பிறகு சால்வையை, கொண்டுவந்த ஒரே பையை, இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தையை. எதிலும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் போய்விடும். மூடிக் கொஞ்ச நேரம் ஆனால் எங்கிருந்தோ மெல்லக் கசிந்து வந்து மூக்கின் மேல் உட்கார்ந்துகொள்ளும். தலைவலிக்குத் தடவுகிற, மூடியைத் திறந்தாலே கண்ணில் நீர் வரவைக்கிற காரமான தைலம். அவள் தைலம் பூசுகிறவள் இல்லை. இந்த வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் குடியிருந்ததும் இல்லை. கட்டி முடித்த கையோடு சாவியை அவளிடம்தான் கொடுத்திருந்தார்கள்.

"பக்கத்து வீட்டுல யாருக்காவது தலைவலியா இருக்கும்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்கு இன்னும் ஆள் வரவில்லை என்பது அவளுக்கே தெரியும்.

வீடு என்றால் மூன்றாம் மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஒரு குளியலறை, துணி காயப்போட ஓர் ஆள் நிற்கிற அளவு பால்கனி. பால்கனிக்கு எதிரே பூட்டிக் கிடக்கும் கிடங்கின் சுவர், ஒரு ஜன்னல்கூட இல்லாமல். பால்கனிக் கதவின் மேல்பாதி கண்ணாடி, கீழ்பாதி தகரம், தாழ்ப்பாள் உள்பக்கம். அவ்வளவுதான். ஆனால் குளியலறைக்குக் கதவு இருந்தது, அந்தக் கதவைச் சாத்தினால் வெளியே நின்று "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கத்த ஆளில்லை. வந்த அன்று அவள் அந்தக் கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள், உள்ளே நின்று தனியாகச் சிரித்தாள். எலி வளையானாலும் தனி வளை வேணும்டி என்று பெண்கள் காப்பகத்தில் கூட இருந்த தைலக்கா சொல்வது ஞாபகம் வந்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மகள் வருகிறாள். அண்ணன் வீட்டில், அண்ணியின் முகம் கோணாத நாளாகப் பார்த்துச் சாப்பிட்டு வளர்ந்துகொண்டிருந்த பெண். "வீடு கிடைச்சதும் கூட்டிட்டு வந்துடுவேன்" என்று அவளிடம் சொல்லிச் சொல்லி, அந்தக் குழந்தை கேட்பதையே விட்டுவிட்டது. இப்போது வீடு கிடைத்துவிட்டது. வீடு பார்த்துக் கொடுத்த அதிகாரியைக் காப்பகத்தில் எல்லோரும் வீட்டு மேடம் என்பார்கள். அவரே பிள்ளையை அழைத்துவந்து விடுவதாகச் சொல்லியிருந்தார். கூடவே ஒன்றும் சொல்லியிருந்தார். "முதல் மூணு மாசம் நாங்க கவனிப்போம்மா. ஏதாவது வம்பு தும்புன்னா வீடு திரும்பப் போயிடும், பிள்ளையும்தான். பாத்து நடந்துக்கோ."

பார்த்துத்தான் நடந்துகொண்டாள். அதுதான் நெஞ்சை அறுத்தது.

முதல் ராத்திரி விளக்கை அணைத்துப் படுத்ததும், இருட்டு கண்ணில் பட்ட அதே நொடியில் அவள் வாய் தானாகச் சொன்னது: "இருக்கேன்."

அது காப்பகத்துப் பழக்கம். நீளமான ஒரே கூடம், இரண்டு வரிசைக் கட்டில்கள். வார்டன் அம்மா விளக்கை அணைத்த பிறகுதான் ஆள் கணக்கு எடுப்பார். வெளிச்சத்தில் எடுத்தால் ஆளுக்கொரு புகார் சொல்வார்கள், இருட்டில் ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. வாசல் கட்டிலிலிருந்து தொடங்கி ஒருத்தி மாற்றி ஒருத்தி "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். ஒரு கட்டில் பேசாவிட்டால் மறுநாள் அந்தக் கட்டில் வேறொருத்திக்குப் போய்விடும். கணக்கு முடிந்ததும் முன்கதவு பூட்டப்படும்.

அவளுக்கு அடுத்த கட்டில் தைலக்காவுடையது. நெற்றியில் எப்போதும் தைலம் மினுங்குவதால் அந்தப் பெயர். ஊரின் மறு கோடியில் ஓர் அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டு பஸ் பிடித்து வருவாள். பஸ் காலை வாரினால் நேரம் தப்பிவிடும். அந்த மாதிரி நாட்களில் இவள்தான் இரண்டு கட்டிலுக்கும் பதில் சொல்வாள், குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கி. பிறகு எல்லோரும் அடங்கி, அக்கா வந்த அடையாளம் கேட்டதும் பூனை மாதிரி எழுந்துபோய் சமையல்கட்டின் பின்கதவுத் தாழ்ப்பாளை எடுத்துவிடுவாள். அந்தக் கதவில் அடித்திருந்த தகரத்தைத் தைலக்கா நகத்தால் சுரண்டுவதுதான் அந்த அடையாளம். சர்ர்ர். ஓர் இடைவெளி. மறுபடி சர்ர்ர். தட்டினால் வார்டன் அம்மாவுக்குக் கேட்டுவிடும்.

இவளுக்குச் சலவை வேலை முடிய நேரமானால் தைலக்கா அதே உதவியைச் செய்வாள், ஆனால் பல மடங்கு நன்றாக. தைலக்காவின் தொண்டைக்குள் ஒரு கூட்டமே குடியிருந்தது. வார்டன் அம்மா மாதிரி அதட்டுவாள், வீட்டு மேடம் மாதிரி மூக்கால் பேசுவாள். இவள் மாதிரிப் பேசினால் இவளுக்கே தான் எப்போது வாயைத் திறந்தோம் என்று சந்தேகம் வந்துவிடும். "உன் குரல் ரொம்ப சுலபம்டி" என்று தைலக்கா சிரிப்பாள். "எப்பவும் பயந்து பயந்து பேசுறே. அந்தப் பயத்தை எடுத்துப் போட்டுக்கிட்டா போதும், நீதான்."

புது வீட்டின் இருட்டில் அவள் சொன்ன "இருக்கேன்" சுவரில் பட்டு அடங்கியது. அதற்குப் பிறகு அடுத்த கட்டிலின் முறை. அங்கே கட்டில் ஏது? இருந்தும் அவள் காத்திருந்தாள். குழாயில் ஒரு சொட்டு. எங்கோ ஒரு லாரி. தைல வாசனை இப்போது தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது, பதில் சொல்லலாமா வேண்டாமா என்று ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசிப்பதுபோல்.

அன்றிரவு அவள் விளக்கைப் போட்டுக்கொண்டே தூங்கினாள்.

மறுநாள் வேலையில் இருந்தபோது வார்டன் அம்மாவிடமிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் சலவைக்கூடம் அது. நீராவியில் ஆளுக்கு ஆள் முகம் தெரியாது. விரிப்பை ஒருத்தி தனியாக மடிக்க முடியாது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, நடந்துவந்து கையோடு கை சேர்க்க வேண்டும். அவள் தன் முனையைத் தோளில் போட்டுக்கொண்டு போனை எடுத்தாள்.

"நம்ம தைலம் போயிட்டா" என்றார் வார்டன் அம்மா.

"எங்கம்மா போனாங்க?"

"செத்துட்டாடி. நேத்து காலைல நீ கிளம்பிப் போனே பாரு, அப்புறம்தான் பின்பக்கம் குப்பை கொட்டப் போனவ பாத்திருக்கா. மழையில கதவோரமா சுருண்டு கிடந்திருக்கா. உடம்பு வெறைச்சுப் போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நேத்து ராத்திரி முடிஞ்சிடுச்சு. எனக்கு ஒண்ணுதான் புரியல. முந்தாநாள் ராத்திரி கணக்கெடுத்தப்போ 'இருக்கேன்'னு சொன்னா. நானே என் காதால கேட்டேன். அப்புறம் எதுக்கு வெளிய போனா? நீ பக்கத்துக் கட்டில்தானே, ஏதாவது தெரியுமா?"

நீராவி. எதிர்முனைக்காரி விரிப்பை லேசாக இழுத்தாள், சீக்கிரம் முடி என்பதுபோல்.

"எனக்குத் தெரியாதும்மா. நான் தூங்கிட்டேன்."

"கையில ஒரு பொட்டலம். பிரிச்சுப் பாத்தா புது மிதியடி. யாருக்கு வாங்கினாளோ."

யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். 'புது வீட்டுக்குப் போறவ கால் துடைக்காம உள்ள போகக் கூடாது' என்று முந்தின வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள் தைலக்கா. அதை வாங்கக் கடைக்குப் போய்த்தான் பஸ்ஸை விட்டிருக்கிறாள்.

காப்பகத்தின் அந்தக் கடைசி ராத்திரி அவள் தூங்கவில்லை. வழக்கம்போல் இரண்டு கட்டிலுக்கும் பதில் சொன்னாள். பிறகு மழை பிடித்தது. பிறகு அந்தச் சத்தம், சர்ர்ர், ஓர் இடைவெளி, சர்ர்ர். அன்றைக்கென்று வார்டன் அம்மா பல்வலியோடு சமையல்கட்டு வழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்தால் மாட்டிக்கொள்வாள். மாட்டினால் விடிந்ததும் கைக்கு வரவேண்டிய சாவி வராது. சாவி வராவிட்டால் பிள்ளை வராது. அவர் போகட்டும், திறக்கலாம் என்று படுத்திருந்தாள். அவரும் போனார். அறைக் கதவு சாத்துகிற சத்தம்கூடக் கேட்டது. அதற்குப் பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. இதுதான் உள்ளே கிடந்து அரித்தது. இன்னும் கொஞ்சம் போகட்டும், இன்னும் கொஞ்சம் என்று போர்வைக்குள் கிடந்தாள். எதிர்வரிசையில் ஒருத்தி பாதித் தூக்கத்தில், "யாரோ சுரண்டுற மாதிரி இருக்கே?" என்று கேட்டாள். "காத்துதான், நீ படு" என்று இவள்தான் சொன்னாள். வெகுநேரம் கழித்துச் சத்தம் நின்றது. அக்கா எங்காவது பஸ் நிலையத்தில் போய் ஒதுங்கியிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலையில் சாவியை வாங்கிக்கொண்டு முன்கதவு வழியாகப் போனாள். பின்பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

இதை வார்டன் அம்மாவிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? போனைப் பைக்குள் போட்டுவிட்டு விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கையோடு கை சேரும் இடத்தில் எதிர்முனைக்காரி மூக்கை உறிஞ்சினாள்.

"என்னடி, தலைவலியா? தைல நாத்தம் தூக்குது."

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் பால்கனிக் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள். போட்டபடியே இருந்தது. கண்ணாடி வழியே கிடங்குச் சுவர் தெரிந்தது, மழைநீர் இறங்கிக் கறுத்துப்போய். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு, சாப்பிட்டு, விளக்கை அணைத்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு படுத்தாள். இன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லப் போவதில்லை.

"இருக்கேன்."

குரல் அவளுடையது. வாய் அவளுடையது இல்லை. பொத்திய உள்ளங்கைக்குள் உதடுகள் அசையவே இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. சத்தம் இடது பக்கத்திலிருந்து, தரையிலிருந்து ஒரு கட்டில் உயரத்திலிருந்து வந்தது. அடுத்த கட்டில் இருந்திருந்தால் எங்கே இருக்குமோ, அங்கிருந்து.

அவள் அழுதாள். சத்தம் வராமல், காப்பகத்தில் அழுது பழகிய மாதிரி. "அக்கா, பிள்ளைக்காகத்தான்க்கா" என்றாள். இருட்டு அதைக் கேட்டுக்கொண்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் சத்தம் பால்கனிப் பக்கம் போய்விட்டது. விளக்கு எரிந்தாலும் சரி, அணைந்தாலும் சரி, சாயந்திரம் மழை தொடங்கியதும் தகரத்தில் சர்ர்ர். மூன்றாம் மாடி. ஏறிவர ஒரு குழாய்கூட இல்லாத சுவர். அவள் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள், பாத்திரத்தை உருட்டுவாள், குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். தனிக் கதவு வேண்டும் என்று ஆசைப்பட்டவளுக்கு ஒளிந்துகொள்ள அந்தக் கதவு உதவியது. வார்டன் அம்மாவிடம் சொல்லப் போனை எடுப்பாள், வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை போகட்டும். பிள்ளை வந்து சேரட்டும். அப்புறம் சொல்லலாம். இதே 'அப்புறம்' தானே அக்காவைக் கொன்றது என்று நினைப்பாள். ஆனாலும் எண்ணை அழுத்த விரல் வராது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே வானம் இருண்டுவிட்டது. அவள் வீட்டைத் துடைத்தாள். மகளுக்கென்று வாங்கிய சின்னத் தலையணையைத் தட்டி வைத்தாள், எடுத்தாள், மறுபடி தட்டி வைத்தாள். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டாள், அறைக்குள்ளேயே அவ்வளவு குளிர். சாயந்திரம் மழை பிடித்தது.

சர்ர்ர்.

அவள் ரேடியோவைப் போடவில்லை. நடு அறையில் நின்று கேட்டாள். கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது சத்தம். நின்றுகொண்டு சுரண்டுகிறவள் அவ்வளவு கீழே சுரண்ட மாட்டாள். உட்கார்ந்திருக்கிறாள். நிற்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்துகொண்டு சுரண்டுகிறாள். அன்றைக்கும் கடைசியில் அப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பயத்தை விட அந்த நினைப்பு பெரிதாக இருந்தது.

"வரேன்க்கா" என்றாள். "இதோ வந்துட்டேன்."

தாழ்ப்பாளை எடுத்தாள். கதவைத் திறந்தாள்.

மழைச்சாரல் முகத்தில் அடித்தது. யாருமில்லை. ஓர் அடி வெளியே வைத்தாள். காலுக்கடியில் ஏதோ முரட்டுத்தனமாக, நார் நாராக, தண்ணீரில் ஊறிக் கிடந்தது. குனிந்து பார்த்தாள்.

புது மிதியடி.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அவசரமே இல்லாமல். பிறகு தாழ்ப்பாள் நகர்ந்து பொருந்தும் சத்தம், உள்பக்கத்திலிருந்து.

அவள் திரும்பிக் கண்ணாடியில் அறைந்தாள். இரண்டு கையாலும், முழு பலத்தோடும். கேட்டதெல்லாம் சர்ர்ர். முழங்கையால் இடித்தாள். சர்ர்ர். கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தொண்டை இருந்தது. குரல் இல்லை. கீழே தெரு தெரியவில்லை. எதிரே கிடங்குச் சுவர்.

உள்ளே வாசல் கதவைத் தட்டினார்கள்.

"இருக்கியாம்மா?" வீட்டு மேடத்தின் மூக்குக் குரல்.

"இருக்கேன்" என்றது அவள் குரல், உள்ளேயிருந்து. கொஞ்சம் பயந்து, கொஞ்சம் பணிந்து. அப்படியே அவள்தான்.

அவள் கம்பளிச் சட்டையைப் போலவே ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒருத்தி இந்தப் பக்கம் முதுகைக் காட்டியபடி அறையைக் கடந்துபோய் வாசலைத் திறந்தாள். அவள் போன தரையெல்லாம் ஈரம். குடையை மடக்கிக்கொண்டு வீட்டு மேடம். அவர் பக்கத்தில் ஒரு பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, போன தடவை பார்த்ததைவிட உயரமாக, மகள்.

"வா கண்ணு" என்றது குரல்.

குழந்தை ஒரு நொடி தயங்கியது. பிறகு பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அந்த இடுப்பைக் கட்டிக்கொண்டது. வீட்டு மேடம் சிரித்தார், அறையைச் சுற்றிப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நல்லா வெச்சிருக்கம்மா வீட்டை." குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கதவு சாத்தப்பட்டது.

சர்ர்ர். சர்ர்ர். இடைவெளியே விடாமல்.

"தலையெல்லாம் நனைஞ்சிருக்கே. இங்க வா, தைலம் தேச்சு விடறேன்." ஒரு கை, விரல்நகங்கள் தேய்ந்து சதையோடு போயிருந்த ஒரு கை, மகளின் நெற்றியில் மெல்ல, மிக மெல்லத் தடவியது. குழந்தை கண்ணை மூடிக்கொண்டது. புதுத் தலையணையில் தலைவைத்துப் படுத்தது. பாதித் தூக்கத்தில் கண்ணைத் திறந்து நேராகக் கண்ணாடியைப் பார்த்தது. அம்மாவை நேராகப் பார்த்தது.

"அம்மா, யாரோ சுரண்டுற மாதிரி இருக்கும்மா."

"காத்துதான் கண்ணு. நீ படு."

விளக்கு அணைந்தது. மழை வலுத்தது. பால்கனியில், நனைந்த மிதியடியின் மேல் உட்கார்ந்து, அவள் தகரத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.